பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லை

ஐந்தையும் ஏழையும் கூட்டினால் எவ்வளவு? பிளஸ் 2 கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை பைத்தான் மொழியில் முதன்முதலாக எழுதிப் பார்க்கும் புரோகிராம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டு எண்களைக் கேட்டு வாங்கு, கூட்டு, விடையைக் காட்டு. நாலு வரிக்குமேல் போகாது. பிள்ளை 5 என்று தட்டுகிறது, 7 என்று தட்டுகிறது. திரையில் 12 வரவில்லை. 57 வருகிறது.

சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்திருந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம். எதுவும் வரவில்லை. கணினி தன் கணக்கில் சரியாகத்தான் செய்திருக்கிறது. விசைப்பலகையில் தட்டுவதை எல்லாம் பைத்தான் எழுத்தாகவே வாங்கி வைக்கும். 5 என்ற எழுத்தையும் 7 என்ற எழுத்தையும் 'கூட்டு' என்றால் இரண்டையும் ஒட்டிவிடும். 'இன்ட்' என்ற சொல்லை முன்னால் போட்டு எண்ணாக மாற்றிக்கொண்டால் 12 வந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், "அது நம்பர் இல்லம்மா, எழுத்து. இன்ட் போடு" என்று பத்து நொடியில் சொல்லிவிட்டுப் போவார். அப்படி ஒருவர் இல்லையென்றால் ஒரு சாயங்காலம் முழுவதும் வீணாகும். மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள், "எனக்கு இதெல்லாம் வராது" என்று பிள்ளை தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும். அதற்குப் பிறகு புத்தகத்தில் உள்ள புரோகிராமை மனப்பாடம் செய்வது, செய்முறைத் தேர்வில் அதை அப்படியே இறக்கி வைப்பது, மதிப்பெண் வாங்குவது, மறந்துவிடுவது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைப் பல வீடுகளில் பார்த்தாகிவிட்டது.

பிள்ளைகளிடம் குறை இல்லை. பாடத்திலும் பெரிய குறை இல்லை. 2018இல் தொடங்கிப் புதுப்பிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் பிளஸ் 1 மாணவருக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2 மாணவருக்கு பைத்தான். இரண்டுமே உலகம் இன்று பயன்படுத்தும் மொழிகள். தமிழ்வழி மாணவருக்குப் பாடநூல் தமிழிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் இருக்கிறது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் நின்றுபோனபின், கல்லூரி மாணவருக்கு 20 லட்சம் கணினிகள் தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. புத்தகமும் கருவியும் ஒருவழியாகக் கைக்கு வருகின்றன. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள்தான் வரவில்லை.

ஆசிரியர் இருக்கிறாரே என்று கேட்கலாம். இருக்கிற இடத்தில் இருக்கிறார். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினிப் பயிற்றுநர் பற்றாக்குறை நீண்டகாலக் கதை. 814 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது 2019இல். கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே கணினியைத் தனிப் பாடமாக வைத்து எங்களை நியமியுங்கள் என்று பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பணியில் இருக்கும் பயிற்றுநரோ பாடம் நடத்துவதோடு பள்ளியின் இணையவழிப் பதிவுகள், ஆன்லைன் தேர்வுகள், எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டிய தகவல்கள் என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறார். ஒரு பிள்ளையின் 57க்கு உட்கார்ந்து விடை தேட அவருக்கு நேரம் எங்கே? கல்லூரிக்குப் போனால் 'நான் முதல்வன்' திட்டத்தில் பயிற்சி உண்டு; 2022 மார்ச்சில் தொடங்கிய அந்தத் திட்டம் நல்லதுதான். ஆனால் பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் போய்விடுகிறார். கேள்வி அதற்குப் பிறகுதான் முளைக்கிறது.

புரோகிராமிங் ஒரு கைத்தொழில். தச்சு போல, தறி போல. தச்சனிடம் வேலை கற்றவர் உளியைப் பிடிக்கும் கோணத்தைப் புத்தகத்தில் படித்திருக்க மாட்டார். மேஸ்திரி கையைப் பார்த்துப் பிடித்திருப்பார், தப்பாகப் பிடித்தபோது மணிக்கட்டில் ஒரு தட்டு வாங்கியிருப்பார். மென்பொருள் எழுதும் நிறுவனங்களில் இன்றும் இதே முறைதான். புதிதாகச் சேர்ந்தவர் எழுதியதை அனுபவசாலி ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்த்த பிறகே பல இடங்களில் ஏற்பார்கள். ஒரே கணினி முன்னால் இருவர் அமர்ந்து, ஒருவர் தட்ட, மற்றவர் பார்த்துக் கேள்வி கேட்க, சேர்ந்து எழுதும் வழக்கமும் உண்டு. 1975 மார்ச்சில் அமெரிக்காவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் கணினி ஆர்வலர் சிலர் கூடினார்கள். வரைபடங்களைப் பரிமாறிக்கொண்டார்கள், ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துக் குறை சொன்னார்கள். பிறகு ஆப்பிள் கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களில் ஒருவர்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னையில் லினக்ஸ் இயங்குதளப் பயனர் குழுவினர் பல ஆண்டுகளாக இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடி வந்திருக்கிறார்கள். பைத்தான் எழுதுபவர்களுக்கென்று தனியாக மாதக் கூட்டம் உண்டு. கட்டணம் கிடையாது; யாரும் போகலாம், எதையும் கேட்கலாம். நம் மாவட்டத்து ஆலங்குடியிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டுமானால் ஓர் இரவுப் பயணம். போக வர ஆகும் பணத்தில் வீட்டில் ஒரு வார மளிகை வாங்கிவிடலாம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கே ஒன்றரை மணி நேரம் பஸ். அங்கே நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, 2024இல் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா வந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் ஒரு பிள்ளை தன் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார ஒரு மேசை இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 16 லட்சம் பேர். ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் இருப்பவர்கள். இங்கே பல பிள்ளைகள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுபவர்கள். அண்ணனோ சித்தப்பாவோ மென்பொருள் வேலையில் இருக்கும் நகரத்துப் பிள்ளைக்குக் கேள்வி வந்தால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பதில் கிடைத்துவிடும். கறம்பக்குடிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அந்த இடைவெளியை விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன. 'மூன்றே மாதத்தில் வேலை உறுதி' என்ற ஒரு வரியை நம்பி நகையை அடகு வைத்துப் பெருநகரத்தில் ஹாஸ்டல் எடுத்து, ஐம்பது அறுபது பேரோடு ஓர் அறையில் காணொளி பார்த்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பிய பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசினால் தெரியும்: அங்கேயும் 57 ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதா? நம் மாவட்டத்துக் குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு என்று கணிக்கப்படுவது. உருத்திராச்சாரியார் என்பவரின் மாணவரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காகச் சுரக் கோவைகளைச் செதுக்க வைத்ததாக அதிலேயே குறிப்பு இருக்கிறது. அந்தப் பாறை நம்முடைய பழைய பாடநூல். ஆனால் பாறையைப் பார்த்து மட்டும் எவரும் பாடக் கற்றிருக்க முடியாது. பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்திருப்பார். அதே மாவட்டத்தில்தான் மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் கற்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் புதுக்கோட்டையின் பெயரைத் தமிழகம் முழுக்க ஒலிக்க வைத்தார். குருவின் விரலைப் பார்த்து வந்த வித்தை அது.

இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

1991. புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கிய ஆண்டு. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அறிவியல் இயக்கத்தவர், ஆசிரியர்கள், இளைஞர்கள், இளம்பெண்கள் என்று ஊர் ஊராகத் தொண்டர்கள் திரண்டார்கள். சம்பளம் கிடையாது. பத்தாவது படித்த பெண், கல் உடைக்கும் பெண்களுக்கு ராத்திரியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். கோயில் மண்டபம், மரத்தடி, தெருவிளக்கு என்று கிடைத்த இடமெல்லாம் வகுப்பறை. இந்த இயக்கத்தைப் பற்றிப் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து 1996இல் ஒரு நூலே எழுதினார்கள்.

அந்த இயக்கத்தோடு சேர்ந்து வந்தது சைக்கிள். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகும் பெண் ஊர்விட்டு ஊர் போக வேண்டுமே! சைக்கிள் ஓட்டத் தெரிந்தவள் தெரியாதவளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது ஆண்கள் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். நடுவில் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிய தாய்மாரும் உண்டு. குடுமியான்மலைக் கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பொது இடத்தில் நடந்த போட்டிகளிலும் செய்துகாட்டல்களிலும் 70,000 பெண்களுக்கு மேல் தங்கள் சைக்கிள் திறமையைக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவருடைய அந்தக் கட்டுரை என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் இடம்பெற்றது. லக்னோவிலும் போபாலிலும் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களின் கதையைப் பாடமாகப் படித்தார்கள்.

பைத்தான் மொழியின் முதல் வெளியீடும் அதே 1991இல்தான். பின்லாந்தில் ஒரு மாணவர் தான் எழுதிக்கொண்டிருந்த இயங்குதளத்தைப் பற்றிப் பிறரிடம் கருத்துக் கேட்க, ஊர்பேர் தெரியாதவர்கள் கை சேர்த்து வளர்த்த லினக்ஸ் பிறந்ததும் அதே ஆண்டு. நம் மாவட்டத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் சைக்கிள் கற்பித்த அதே நாட்களில், கணினி உலகமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. சைக்கிளை விடாமல் பின்னால் பிடித்து ஓடிய அந்தப் பெண்கள் இன்று பாட்டிகள். அவர்களுடைய பேத்திகளுக்குத்தான் கணினியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அறிவொளிக்குப் பிறகும் முயற்சி நடந்திருக்கிறது. புதுக்கோட்டையில் கணினித் தமிழ்ச் சங்கம் தொடங்கி, தமிழாசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தட்டச்சு முதல் இணையத்தில் எழுதுவது வரை பயிலரங்குகள் நடத்தினார்கள். 2015 அக்டோபர் 11 அன்று இங்கே நடந்த வலைப்பதிவர் திருவிழாவுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர்கள்கூட அந்தப் பயிலரங்குகளில் பயமில்லாமல் கணினியைத் தொட்டார்கள். காரணம், சொல்லிக்கொடுத்தவர்கள் சக ஆசிரியர்கள், தமிழில் பேசினார்கள், சிரிக்காமல் பதில் சொன்னார்கள். பெரியவர்களுக்குச் செய்ததைப் பிள்ளைகளின் புரோகிராமிங்குக்கும் நீட்டினால் போதும்.

வெளியூர்களில் நீட்டியிருக்கிறார்கள். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சேர்ந்து லினக்ஸ் பயனர் குழு அமைத்து, கிராமப்புற மாணவருக்கு வார விடுமுறையில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே கற்றவர்கள் அடுத்த ஆண்டு வருபவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கியது. அதன் பள்ளியில் பட்டம் இல்லாத பிள்ளைகள் உதவித்தொகையோடு மென்பொருள் கற்று அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறார்கள். 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி, நூல்களை இலவசமாகத் தருகிறது. விழுப்புரம் சென்னைக்குப் பக்கம் என்று சொல்லலாம். தென்காசி எதற்குப் பக்கம்?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, பிள்ளைகள் அதனிடம் கேட்டுக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். கேட்கட்டும், நானும் தடுக்க மாட்டேன். 57 ஏன் வந்தது என்று கேட்டால் அது சரியாகவே சொல்லும். ஆனால் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது உதவும். கேட்கத் தெரியாத பிள்ளை "புரோகிராம் எழுதிக்கொடு" என்கிறது, அது எழுதிக் கொடுத்துவிடுகிறது, பிள்ளை நகலெடுத்து ஒட்டுகிறது. பழைய மனப்பாடத்தின் இடத்தில் புதிய நகல், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் அக்காவோ விடையைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். "நீயே என்ன நினைக்கிற, சொல்லு" என்பாள். தான் முதல் வருஷம் இதே தப்பைச் செய்ததைச் சொல்வாள். அந்த ஒரு சொல்லில் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. முதலில் நூலகம். நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. கிளை நூலகங்கள் வெள்ளிக்கிழமை மூடி ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கின்றன. புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் தொடங்கி, 12 வட்டங்களிலும் ஒரு நூலகமாவது ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஒரு பெரிய மேசையை, நான்கு மின்னிணைப்புகளை, இணையத்தை ஒதுக்கித் தரட்டும். 'புரோகிராமிங் சந்தேகம் கேட்கும் இடம்' என்று ஒரு பலகை எழுதி வைக்கட்டும். ஐந்து மணிக்கு முடிய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: பல ஊர்களுக்குக் கடைசி டவுன் பஸ் சீக்கிரம் போய்விடும், இருட்டினால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பெண் தன்னார்வலர் ஒருவராவது ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும்.

நூலகம் எட்டாத ஊரில் பள்ளியின் ஹைடெக் லேப். மக்கள் பணத்தில் வாங்கிய கணினிகள் சனிக்கிழமை பூட்டிக் கிடப்பதில் யாருக்கு லாபம்? தலைமையாசிரியர் சாவியைக் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான். ஒரு மவுஸ் காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் வைக்காமல், பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் எழுத்துமூலம் ஆணை கொடுத்தால் கதவு திறக்கும். இதை முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம்.

சொல்லிக்கொடுக்க ஆள்? ஆள் இருக்கிறார்கள். மாமன்னர் கல்லூரியிலும் அரசு மகளிர் கல்லூரியிலும் மாவட்டத்தின் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் கணினி படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் பலர் ஒரு பிளஸ் 2 பிள்ளையின் 57க்குப் பதில் சொல்ல வல்லவர்கள். வாரம் மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுப்பதை நாட்டு நலப்பணித் திட்ட வேலையாகக் கல்லூரிகள் கணக்கில் எடுக்கட்டும். சொல்லிக்கொடுக்கும் மாணவருக்கும் அதில் பலன் உண்டு. பிறருக்குப் புரியவைக்க முயலும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று தெரியும்; வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்பதும் அதைத்தான். 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது அரசு. இங்கும் பஸ் செலவுக்கும் டீக்கும் அதுபோல் ஒரு சிறு தொகை கொடுத்தால், ஏழை வீட்டு மாணவரும் சொல்லிக்கொடுக்க வருவார். இலவச உழைப்பை எதிர்பார்த்துத் தொடங்கி ஆறு மாதத்தில் அணைந்துபோன பயிற்சிகளை நிறையப் பார்த்துவிட்டோம்.

பயிற்சி மொழி தமிழாக இருக்கட்டும். பைத்தானின் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கலாம். விளக்கம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டுமே என்ற கூச்சத்திலேயே வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து கணினியில் எதையோ செய்துகொண்டிருந்தால், "தனியா உட்கார்ந்து படி" என்று பிரித்துவிடாதீர்கள். இந்தப் பாடம் பேசிப் பேசிக் கற்கிற பாடம்.

கடைசியாக, இந்த மாவட்டத்திலிருந்து போய் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறீர்கள். சிலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்கள். நீங்கள் முதல் வேலைக்குப் போனபோது உங்கள் தப்பைத் திருத்திய ஒரு சீனியர் இருந்திருப்பார். வருகிற பொங்கல் விடுமுறையில் ஒரு பிற்பகல், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் நூலகத்துக்கோ நீங்கள் படித்த பள்ளிக்கோ போய் உட்காருங்கள். முதல் நாள் ஒரே ஒரு பிள்ளைதான் வரும். அதன் திரையில் 57 இருக்கும்.